சந்தோசம் என்னும் வரி

இணுவிலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வழங்கும் சொல்லொன்றிலிருந்து தொடங்குவோம். காரியமொன்றை முடித்துக் கொடுத்தவரின் கையில், பேசிய கூலிக்கு மேலதிகமாகவோ, கூலி என்று எதுவும் பேசப்படாதவிடத்து அதற்கு ஈடாகவோ வைக்கப்படும் பணத்துக்குச் 'சந்தோசம்' என்று பெயர். "ஏதோ உங்கள் சந்தோசத்தைத் தாருங்கோ" என்பார் ஒருவர். மற்றவர் மடியை அவிழ்ப்பார். சிங்களப் பேச்சு வழக்கிலும் இச்சொல் இதே பொருளில் உலவுகின்றது. சந்தோசம் யாருடையது என்பதை மட்டும் சொல் சொல்வதில்லை. கொடுத்தவன் மகிழ்ந்து கொடுத்தானா, கொடாவிடிற் காரியம் கெடும் என்றஞ்சிக் கொடுத்தானா என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

இவ்வகைச் சொற்கள் யாவும் நற்பொருளிலேயே பிறந்தவை. 'இனாம்' என்பது அரபு மொழியில் அருட்கொடையைக் குறித்தது. 'மாமூல்' என்றால் வழக்கமானது என்பதே பொருள். இன்று மாமூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொற்கள் இவ்வாறு இழிந்தமை தற்செயலானதன்று. உழைப்புக்குரிய விலையை ஒருவர் தம் கணக்கேட்டிலிருந்து நீக்கி, வேறொருவர் தலையிற் சுமத்த விரும்பும்போதெல்லாம், அன்பையும் மகிழ்ச்சியையும் வழக்கத்தையும் குறிக்கும் சொற்களே துணைக்கு அழைக்கப்படுகின்றன. பெயர் கொடையாக இருக்கும்; கொடுக்காமலிருக்கும் சுதந்திரம் மட்டும் இராது.

இதன் இன்றைய வடிவம் கடலிலே மிதக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னையிலிருந்து வந்த 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறையை அடைந்தது. இணுவிலை ஊடறுத்துச் செல்லும் காங்கேசன்துறை வீதியின் வடமுனையில், போர்க்காலத்திற் பொதுமக்கள் அண்ட முடியாதிருந்த துறைமுகம் அது. அக்கப்பலைப் பற்றி நாம் குறை எதுவும் கூறவில்லை. அது சார்ந்த தொழிலின் பெரும் முதலாளிகள் கடைப்பிடிக்கும் முறையொன்றே நமது கவனத்துக்குரியது.

நோர்வீஜியன் குரூஸ் லைன் என்னும் கொம்பனி 'கடலில் இலவசம்' என்று பொருள்படும் பெயரொன்றின்கீழ்ப் பல்லாண்டுகள் பயணச்சீட்டு விற்றது. மதுவகைகளும் சிறப்பு உணவகங்களில் விருந்தும் அவ்விலவசத்துள் அடங்கின. ஆயின் மதுவை இலவசமாகப் பெறுபவர், அதற்குக் கொம்பனி குறித்து வைத்திருக்கும் விலையில் 20 விழுக்காட்டைப் பணியாளர்க்கான அன்பளிப்பு என்று தாமே கட்ட வேண்டும். பட்டியல் விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டொலர் என்று கொள்வோம். ஒரு தம்பதியர் ஏழு நாட் பயணத்துக்கு 280 டொலர் கட்டினாற்றான் அவ்விலவசம் அவர்கள் கைக்கு வரும். அதற்குப் புறம்பாக நாள்தோறும் சேவைக் கட்டணம் என்று வேறொன்று கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். விலையில்லாப் பொருளின் ஐந்திலொரு பங்கு எவ்வளவு என்று கேட்டால் நமது ஐந்தாம் வகுப்பு மாணவர் சுழியம் என்று விடை எழுதுவர். கொம்பனியின் கணக்கு வேறு.

இதனை மேல்நாட்டு வாணிகத்தின் புதுத் தந்திரம் என்று கருதுவோர் நம் ஊர்களின் வரலாற்றை மறந்தவராவர். இணுவிலையே எடுத்துக்கொள்வோம். கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட செம்மண் பூமி அது. துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் மரக்கறியும் விளைவித்த உழவர்களின் ஊர். தவிற்கலைஞர் தெட்சணாமூர்த்தியின் ஊர். கந்தசுவாமி கோயிலின் மஞ்சத்தையும் மக்லியோட் ஆஸ்பத்திரியையும் சொன்னால் யாழ்ப்பாணத்தில் அறியாதாரில்லை. இத்தகைய ஊரொன்றின் உழவன் மூன்று நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்த 'சந்தோசங்க'ளின் கணக்கை யாரேனும் எழுதினால், அதுவே யாழ்ப்பாணத்தின் பொருளியல் வரலாற்றில் ஒரு பெரும் அத்தியாயமாகும்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியின் வருவாய் வழிகளை அறிவதற்கு, கொமாண்டர் ஹென்றிக் சுவார்தெக்குரூன் 1697இல் தமக்குப் பின் வருவோருக்கென எழுதிவைத்த குறிப்பேடு பெரிதும் உதவுகின்றது. சோபியா பீற்றர்ஸ் அதனை மொழிபெயர்க்க, 1911இல் ஆங்கிலத்தில் அது வெளிவந்தது. நிலவரி, தலைவரி ஆகியவற்றோடு, 'ஒபீசி' என்றும் 'அதிகாரி' என்றும் இரு இறைகள் அதிலே பேசப்படுகின்றன. பதவியின் பெயரே வரியின் பெயராகிவிட்டதை வாசகர் கவனிக்க வேண்டும். பதவியிலிருப்பவனைப் பராமரிக்க ஊர் கொடுத்து வந்தது, காலப்போக்கிற் கொம்பனியின் கருவூலத்துக்குரிய கடனாக இறுகிவிட்டதென ஊகிப்பது தவறாகாது.

இவற்றினும் கொடியது ஊழியம். குறித்த பிரிவினர் ஆண்டில் 12 நாள் கொம்பனிக்குக் கூலியின்றி வேலை செய்ய வேண்டும். வராதவர் தண்டப்பணம் கட்ட வேண்டும். ஊழியம் என்னும் சொல் அடியார் ஆண்டவனுக்குச் செய்யும் தொண்டையும் குறிக்கும். வணிகக் கொம்பனிக்குக் கல் சுமப்பதற்கும் அதே சொல் போதுமானதாயிருந்தது!

ஆங்கிலேயர் வந்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதாபிமானத்தின் வெற்றியென்று பாடநூல்கள் இதனைப் போற்றும். கட்டாய உழைப்பிலிருந்து விடுபட்ட கூலியாட்கள் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியிருந்தனர் என்ற காரணத்தையும் ஆசிரியர்கள் மாணவருக்குச் சேர்த்துச் சொல்லுதல் நன்று. பதினாறு ஆண்டுகளே கழிந்தன. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதுடைய ஆண்கள் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடான பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. வாயில் வழியாக வெளியேறிய ஊழியம் வேலிப் பொட்டு வழியாக மீண்டும் உள்ளே வந்தது.

ஆனால் ஆங்கில ஆட்சியின் மெய்யான நுட்பம் சட்டப் புத்தகத்தில் இல்லை. விதானையார் வீட்டுத் திண்ணையில் இருந்தது. மணியகாரர், உடையார், விதானையார் என்ற படிவரிசையில் இறுதியாக நின்றவர் விதானையார். பிறப்பு இறப்பை அறிவிப்பவர் அவர். களவு போனால் முறைப்பாட்டை முதலிற் கேட்பவர் அவர். மாடு விற்றால் உறுதிச்சீட்டுக்குச் சான்று கூறுபவரும், இன்னார் இவ்வூரவர் என்று எழுதிக் கொடுப்பவரும் அவரே. 1942இல் உணவுப் பங்கீடு வந்தபின் அரிசிக் கூப்பன் விடயத்திலும் அவரது சொல்லுக்குப் பெறுமதி ஏற்பட்டது. இத்தனை பணிக்கும் அரசாங்கம் கொடுத்த சம்பளம் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஊர்மட்டத் தலைமைக்காரருக்கு நிலையான மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை. அது 'கௌரவ' உத்தியோகம். அரசாங்கத்தின் பார்வையிலும் சேவை இலவசம். மக்களின் பார்வையிலும் சேவை இலவசம். விதானையார் முன்றிலுக்கு மட்டும் வாழைக்குலையும் சேவலும் வந்து சேர்ந்தன. புகையிலை நடுகை நாட்களில் அவரது தோட்டத்துக்குச் சிலர் தாமாகவே 'கைகொடுக்க'ப் போயினர்.

விதானையார்கள் யாவரும் கொடியவர் என்று கூறுதல் வரலாறாகாது. நேர்மையாளரும் இருந்தனர், கையிலிருந்ததைச் செலவழித்து ஊர்க்காரியம் பார்த்தோரும் இருந்தனர். ஆயினும் ஒழுங்கின் தன்மை தனிமனிதரின் குணத்தைப் பொறுத்ததன்று. சம்பளமில்லாத பதவியை ஏற்க வல்லவன் காணி பூமி உள்ளவனே. ஆதலால் அப்பதவி நிலவுடைமை கொண்ட வேளாளக் குடும்பங்களின் முதுசொம் போலாயிற்று. ஏழை உழவன் கொடுத்த சேவல், அரசாங்கம் கொடுக்க மறுத்த சம்பளத்தின் ஒரு பகுதி. பேரரசு மிகக் குறைந்த செலவில் ஓர் ஊரை ஆண்டது. அதன் செலவை ஊரே 'சந்தோசமாக'த் தாங்கியது.

லெனாட் வூல்வ் 1905ஆம் ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்து 1907வரை இங்கு கடமையாற்றினார். பின்னர் அம்பாந்தோட்டையிற் பெற்ற அனுபவத்தைக் கொண்டு அவர் எழுதி 1913இல் வெளியிட்ட நாவல் 'காட்டிலுள்ள கிராமம்' என்று பொருள்படும் பெயருடையது. அதில் வரும் ஊர்த்தலைமைக்காரன் பபேஹாமி, சேனைப் பயிருக்கான அனுமதிச்சீட்டைத் தடுத்தே ஒரு குடும்பத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டு செல்கின்றான். அவனுக்குக் கத்தியோ துப்பாக்கியோ தேவைப்படவில்லை. ஒரு துண்டுக் கடதாசியைக் கொடாமலிருப்பதே போதுமாயிற்று. ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தரொருவரே அதன் அடித்தளத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டது வியப்புக்குரியது.

1935இல் தலைமைக்காரர் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாக மணியகாரர் போன்ற பெருந்தலைமைக்காரரின் இடத்துக்குக் காரியாதிகாரிகள் படிப்படியாக வந்தனர். ஊர்மட்டத்திலோ 1963வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கிராமத் தலைமைக்காரர் பதவி நீங்கி, சம்பளமும் இடமாற்றமும் உடைய கிராமசேவகர் பதவி தோன்றியது. சந்தோசம் அதனோடு மறைந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதுவரை வழமையாயிருந்தது, அன்றுமுதல் குற்றம் என்று பெயர்பெற்றது. அது சிறிய மாற்றமன்று.

இதுவரை கூறியது மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் வாங்கிய கொடை. இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. கீழிருப்பவரின் கூலியை மறுத்து, அதனிடத்தில் மேலிருப்பவர் 'மனமுவந்து' கொடுத்த கொடை அது. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையே அதற்குச் சாட்சி.

சலவைத் தொழிலாளரும் சவரத் தொழிலாளரும் பறை முழக்குவோரும் குறித்த வீடுகளுக்குப் பரம்பரையாகக் குடிமை செய்ய வேண்டியிருந்தது. திருமணம், பூப்புச் சடங்கு, மரணம் என்று எது நிகழினும் அவர்கள் வந்தாக வேண்டும். நிலபாவாடை விரித்தாக வேண்டும். கூலி பேசுதல் மரபன்று. விளைந்த காலத்தில் தானியமும், விசேட நாட்களில் அரிசி, தேங்காய், காய்கறியும், சில்லறைக் காசும் கொடுக்கப்பட்டன. எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் கொடுப்பவரே. பெற்றவர் நன்றி கூறினார். மறுத்தவர் அடியும் பகிஷ்கரிப்பும் கண்டார். அதே சடங்கில் அந்தணருக்கு வெற்றிலையில் வைத்து வணங்கிக் கொடுத்த காசுக்குத் 'தட்சணை' என்று அழகான பெயர் இருந்தது. சவரத் தொழிலாளியின் கையில் எட்ட நின்று போட்ட காசுக்குப் பெயரே இருக்கவில்லை. அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிந்தது. குடிமை சட்டத்தில் எழுதப்படாததனால் அதனைச் சட்டத்தால் ஒழிக்கவும் இயலவில்லை போலும். ஒரு சிறு செய்தி: குடிமை செய்தவரையே யாழ்ப்பாணத்தில் 'குடிமகன்' என்றனர். இன்று அச்சொல் அரசியல் உரிமை பெற்ற பிரஜையைக் குறிக்கின்றது. ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்திருக்கின்றதென்றால் அதனை நடத்தியவர்கள் யாவர் என்று கேட்க வேண்டும்.

அவர்களே நடத்தினர். வீடு வீடாகச் சென்று சவரம் செய்தவர் சந்தியில் ஒரு சலூன் திறந்தார். நாற்காலியில் வாடிக்கையாளர் வந்து அமர வேண்டியதாயிற்று. சுவரிலே கட்டண விபரம் தொங்கியது. தலைமயிர் வெட்ட இவ்வளவு, முகச்சவரத்துக்கு இவ்வளவு என்ற அந்தச் சாதாரண மட்டையை நமது வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஓர் ஆவணமாகக் கொள்ளவில்லை. விலையை உழைப்பவரே எழுதி, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தொங்கவிட்ட அந்நாளில் கொடை கூலியாயிற்று. டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' 1966 ஆகஸ்டில் ஜோசப் சலூனிலிருந்தே வெளிவந்தது என்பது இலக்கிய வரலாறு அறிந்த செய்தி. அதே ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சாதியொடுக்குமுறைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது, பொலிசார் தாக்கினர், எனினும் ஊர்வலம் நகரை அடைந்தது. சுன்னாகத்திலிருந்து நகருக்குச் செல்லும் பெருவீதி இணுவிலூடாகவே செல்கின்றது.

அமெரிக்காவிலும் இக்கதையே வேறு நிறத்தில் நிகழ்ந்தது. உள்நாட்டுப் போரின் பின்னர், புல்மன் கொம்பனி தனது படுக்கை ரயில்களில் பணியாற்ற விடுதலை பெற்ற கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொண்டது. கூலி அற்பம், மிகுதியைப் பயணிகளின் கைக்காசு நிரப்பும் என்பது திட்டம். 1915இல் விசாரணையொன்று நடந்தபோது அவர்களது மாதச் சம்பளம் 27.50 டொலர் என்பது வெளிப்பட்டது. கொம்பனியின் சார்பில் அங்கு சாட்சி சொன்னவர் றொபேட் ரொட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன்! பிலிப் றண்டோல்வ் தலைமையில் 1925இல் அத்தொழிலாளர் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின், 1937இல், புல்மன் கொம்பனி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது. ஆயினும் கைக்காசு பெறுவோருக்குக் குறைந்த கூலி போதும் என்ற கொள்கை 1966இல் அந்நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அத்தகையோருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 1991இல் மணிக்கு 2.13 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் அது உயரவில்லை.

உல்லாசக் கப்பலில் இவ்விரு கொடைகளும் ஒன்றாகின்றன. பயணியிடம் விதானையார் பாணியில் வாங்கப்படுகின்றது. பணியாளருக்குக் குடிமைப் பாணியிற் கொடுக்கப்படுகின்றது. இடையில் நிற்கும் கொம்பனி இரண்டுக்கும் அன்பளிப்பென்று பெயரிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்கின்றது. கொம்பனிகளின் பதிவிடத்தைப் பார்த்தாலும் இவ்வழகு புலப்படும். கார்னிவல் பல்லாண்டுகள் பனாமாவில் பதியப்பட்டிருந்தது. றோயல் கரிபியன் லைபீரியாவில். நோர்வீஜியனின் தாய்க் கொம்பனி பெர்மியூடாவில். பயணிகளிற் பெரும்பாலோர் அமெரிக்கர். கட்டில் விரிப்பவரும் கோப்பை கழுவுபவரும் பிலிப்பைன்சிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மாதக் கணக்கில் வீட்டைப் பிரிந்து வருபவர்கள். கொடி ஒரு நாட்டுடையது, இலாபம் இன்னொரு நாட்டுடையது, வியர்வை மூன்றாவது நாட்டுடையது.

இங்கு நியாயமான மறுப்பொன்று எழும். கட்டாய அன்பளிப்பு இல்லாவிட்டால் அப்பணியாளர் பயணியின் முகக்குறிப்பை நம்பி வாழ நேரும். நிச்சயமான தொகை நிச்சயமற்ற தாராளத்திலும் மேலானதன்றோ? மேலானதே. ஆகையால் அத்தொகையைக் கட்ட மறுக்கும் பயணியை நாம் வீரனென்று போற்ற மாட்டோம். அவன் முதலாளியை விட்டுவிட்டுத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கின்றான். நமது வழக்கு அத்தொகையின் அளவைப் பற்றியதன்று, பெயரைப் பற்றியது. கூலி என்று பெயரிட்டால் அதனைக் கொடுக்கும் கடமை முதலாளிக்கு வந்துவிடும். அதற்காகச் சங்கம் அமைக்கலாம், வழக்காடலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். அன்பளிப்புக்காக எவரும் வழக்காட முடியாது.

இவ்வளவையும் எழுதும்போது நமது பள்ளிக்கூடங்களை மறந்துவிட முடியவில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இந்நாட்டின் ஏழை மக்கள் பெற்ற மிகப்பெரும் பேறு. அதனைக் குறைகூறுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் இலவசக் கல்வியினுள்ளே வசதிக் கட்டணம் என்றும், அபிவிருத்திச் சங்கப் பணமென்றும், அனுமதி வேளையில் 'விரும்பியதை' என்றும் பெற்றோரிடம் பெறப்படும் தொகைகளை ஆசிரியராகிய வாசகர் நன்கறிவர். மறுபுறம், வடமாகாணத்தில் தொண்டர் ஆசிரியர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக இளைஞரும் யுவதியரும் கற்பித்தனர். போர்க்காலத்தில் மூடப்படவிருந்த வகுப்புகளைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள். நியமனமில்லை, சம்பளமில்லை. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் அமர்ந்தபோது, தொண்டுக்குச் சம்பளம் கேட்கலாமோ என்று வினவியோரும் இருந்தனர். அவர்களிற் பலர் கையிற் பெற்றது, பெற்றோரிடம் திரட்டிய அதே அபிவிருத்திச் சங்கப் பணத்திலிருந்து கிடைத்த சிறு தொகையே. பெற்றோருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டிலும், ஆசிரியருக்குக் கொடுத்த தொகைக்கு எதிரே கணக்கேட்டிலும், 'அன்பளிப்பு' என்ற ஒரே சொல் எழுதப்படுவதுண்டு.